போர்டை மாற்றினால் ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டுமா?

மதர்போர்டு போய்விட்டது என்று பழுதுபார்ப்பவர் சொல்லும்போதே அடுத்த வாக்கியமும் கூடவே வந்துவிடும்: "புது போர்டு போட்டா விண்டோஸ் மறுபடியும் ஏத்தணும் சார், ஃபார்மட் அடிச்சாதான் சரியா ஓடும்." அவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தொழில் கற்றவர்களுக்கு அது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அன்று போர்டை மாற்றிவிட்டுப் பழைய ஹார்டு டிஸ்கைச் சொருகினால் பெரும்பாலும் நீலத்திரைதான். இன்று விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் டிஸ்கை எடுத்துப் புது போர்டில் மாட்டினால், அநேகமாக அதுவே சுதாரித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும். அதற்காகத் தொல்லையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முன்பு டிரைவரில் (வன்பொருளோடு பேச விண்டோஸ் வைத்திருக்கும் சிறு நிரலில்) இருந்த தொல்லை இப்போது சாவிக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தச் சாவி விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நண்பர் ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு என்று ஓடும் கடை. ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் கணினி எழவே இல்லை. மூன்றாம் தலைமுறை ஐ3, அதற்கேற்ற எச்61 போர்டு, வயதாகிவிட்டது, போய்விட்டது. ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியதற்குக் காரணம் கோப்புகள் இல்லை. கோப்புகள் டி டிரைவில் பத்திரமாக இருந்தன. அவர் பயந்தது சி டிரைவுக்காக. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர், யூனிகோடு வருவதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள், அவற்றுக்கென்று ஒரு கீபோர்டு மென்பொருள், பழைய பிரிண்டருக்கு எங்கிருந்தோ தேடிப் பிடித்த டிரைவர், கணக்கு எழுதும் டேலி. இதில் பாதிக்கு சிடி இப்போது எங்கே என்று அவருக்கே தெரியாது. விண்டோஸை மறுபடி ஏற்ற ஒரு மணி நேரம் போதும். அதன்மேல் அவர் கட்டி வைத்திருந்த கடையை மறுபடி கட்ட ஒரு வாரம் ஆகும். ஃபார்மட் அடிக்கலாமா என்று கேட்கும்போது நாம் எடைபோட வேண்டியது இந்த ஒரு வாரத்தைத்தான்.

சரி, போர்டு மாறினால் விண்டோஸுக்கு ஏன் வலிக்கிறது? கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது போர்டில் இருக்கும் பயாஸ். அதுதான் டிஸ்கைத் தேடி, விண்டோஸின் துவக்க நிரலை எடுத்து ஓடவிடுகிறது. துவக்க நிரலுக்கு டிஸ்கை நேராகப் படிக்கத் தெரியாது. பயாஸிடம் கேட்டுக் கேட்டுத்தான் படிக்கும். அப்படிப் படித்து விண்டோஸின் கருவையும், அதன் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியையும், கட்டாயம் வேண்டிய சில டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்து டிஸ்கைப் படித்தாக வேண்டும். நடு ஆற்றில் படகு மாறுவது மாதிரி. ஏற வேண்டிய அடுத்த படகு அங்கே இல்லையென்றால் தண்ணீர்தான். நீலத்திரையில் 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வருவதும், பழுதுபார்ப்பவர்கள் 7பி என்று அதன் எண்ணைச் சொல்லிக் குறிப்பிடுவதும் இந்த இடத்தைத்தான். டிஸ்கில் எல்லாமே இருக்கும். அதைப் படிக்கும் டிரைவரும் அந்த டிஸ்கிலேயே இருக்கும். ஆனால் அதை எடுக்க டிஸ்கைப் படித்தாக வேண்டும்.

2001இல் வந்த எக்ஸ்பிக்கு இதோடு இன்னொரு கட்டும் உண்டு. போர்டின் அடிப்படை அமைப்பைப் பார்த்து, அதற்குப் பொருத்தமான ஹால் என்ற அடுக்கை நிறுவும்போதே தேர்ந்தெடுத்து வைத்துவிடும். பிறகு வேறு வகைப் போர்டில் வைத்தால் திணறும். டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரும் அப்படியே. நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் கொடுத்த ஞாபகம் சிலருக்காவது இருக்கும். ஒரே ஆறுதல், எக்ஸ்பி சிடியிலிருந்து பூட் செய்து 'ரிப்பேர் இன்ஸ்டால்' என்று பழையதன் மேலேயே ஏற்ற முடிந்தது. விஸ்டாவில் இருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. மேலேயே ஏற்றிச் சரிசெய்யும் வசதி இன்றும் இருக்கிறது என்றாலும், அதை ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு உள்ளிருந்துதான் தொடங்க முடியும். பூட்டே ஆகாத கணினிக்கு அதனால் என்ன பயன்?

விஸ்டா ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறந்தது. அதன் நிறுவலே எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரே படிமத்தை (முழு விண்டோஸின் நகலை) கொண்டுவந்து கொட்டுவதாக மாறியது. ஹாலைத் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு பூட்டின்போதும் நடந்தது. விண்டோஸ் 7இல் ஒரு முள் மட்டும் மிச்சம். டிஸ்கோடு பேசும் பழைய முறையான ஐடிஇயில் இருந்தபோது நிறுவினால், புதிய முறையான ஏஹெச்சிஐயின் டிரைவர் வேண்டாமென்று அணைத்து வைத்துவிடும். பிறகு பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றினாலே 7பி வரும். ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் 'ஸ்டார்ட்' மதிப்பு 3 என்று இருப்பதை 0 ஆக்கினால் போதும், எழுந்துவிடும். டிரைவர் உள்ளேதான் இருந்தது, எழுப்பத்தான் ஆள் இல்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது பென் டிரைவிலிருந்தே விண்டோஸை ஓட்டும் 'விண்டோஸ் டு கோ' என்ற வசதியையும் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. இன்று அலுவலகக் கணினி, நாளை வீட்டு லேப்டாப் என்று எதில் செருகினாலும் அதே விண்டோஸ் எழும். தினம் ஒரு மதர்போர்டு மாற்றுவதற்குச் சமம் அது. பிற்பாடு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதற்காகச் செய்த அடித்தள வேலை அப்படியே நின்றுவிட்டது.

இதில் விண்டோஸுக்கு மட்டும் பெருமை சேர்க்க முடியாது. சாட்டா டிஸ்குகளுக்கு ஏஹெச்சிஐ, புதிய எம்.2 எஸ்எஸ்டிகளுக்கு என்விஎம்இ என்று பொதுத் தரங்கள் வந்ததால், இன்டெல் போர்டோ ஏஎம்டி போர்டோ, ஒரே டிரைவர் போதும் என்ற நிலை உருவானது. இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்குப் போனாலும் ஆகுமா என்று கேட்பவர்கள் நிறைய. ஆகும். இரண்டும் ஒரே கட்டளைத் தொகுப்பைப் பேசும் சிப்கள்தான். இரண்டுக்கும் வேண்டிய பிராசஸர் டிரைவர்களும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன.

பொதுத் தரத்தை விட்டு விலகும் இடங்களில்தான் இன்றும் 7பி வருகிறது. பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பு ஒன்று. இன்டெல்லின் விஎம்டி இன்னொன்று. 11ஆம் தலைமுறையிலிருந்து பல இன்டெல் கணினிகளின் பயாஸில் இந்த விஎம்டி இயக்கப்பட்டே வருகிறது; அது இருந்தால் எஸ்எஸ்டிக்கும் விண்டோஸுக்கும் நடுவே தனி டிரைவர் வேண்டும். பழைய போர்டில் விஎம்டி இல்லாமல் இருந்து, புதியதில் இருந்தால் பயாஸுக்குள் போய் அணைத்துவிடுங்கள். மாறாக, பழையதில் ரெய்டு முறையில் ஓடிய விண்டோஸைச் சாதாரண ஏஹெச்சிஐ போர்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஒரே ஒரு முறை, அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் பூட் செய்தால் போதும். தூங்கிக்கொண்டிருக்கும் அடிப்படை டிஸ்க் டிரைவர்களை விண்டோஸ் அப்போது தட்டி எழுப்பிவிடும். அடுத்த முறை வழக்கம்போல் எழும்.

நண்பர் கடைக்கு வருவோம். எச்610 போர்டு, 12ஆம் தலைமுறை ஐ3, டிடிஆர்4 ரேம் எல்லாம் புதிது. பழையதில் தங்கியது கேபினட்டும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும். முதல் வேலையாக எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிளில் என் லேப்டாப்போடு இணைத்து, முழுவதையும் வேறு டிஸ்கில் படிமமாக எடுத்து வைத்தோம். இதைச் செய்யாமல் அடுத்ததைத் தொடுவது முட்டாள்தனம். பிறகு எஸ்எஸ்டியைப் புது போர்டில் மாட்டி ஆன் செய்தால், பயாஸ் அதை அடையாளம் காட்டுகிறது, டிஸ்க் பட்டியலில் பெயர் வருகிறது, ஆனால் பூட் பட்டியலில் இல்லை. பக்கத்திலிருந்த பழுதுபார்ப்பவர் "நான் அப்பவே சொன்னேனே" என்கிற மாதிரி பார்த்தார்.

காரணம் டிரைவர் இல்லை. விண்டோஸ் 7ஆக ஆரம்பித்து 10க்கு உயர்த்தப்பட்ட அந்த எஸ்எஸ்டி, பழைய பயாஸ் காலத்து எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது. இன்றைய போர்டுகளில் இருப்பது பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ. அது ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்கில், தனக்கென்று ஒதுக்கிய சின்னப் பார்ட்டிஷனில் துவக்க நிரலைத் தேடும். பழைய முறைக்கும் இடம்கொடுக்கும் சிஎஸ்எம் என்ற ஏற்பாடு பல போர்டுகளில் உண்டு; ஆனால் புதிய இன்டெல் கணினிகளில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அது வேலைக்கு ஆகாது. எங்களிடம் கார்டு இல்லை.

இதற்கென்றே மைக்ரோசாஃப்ட் 2017இல் விண்டோஸ் 10இன் 1703 பதிப்போடு எம்பிஆர்டூஜிபிடி என்ற கருவியைக் கொடுத்தது. டிஸ்கில் உள்ளதை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றி, யூஇஎஃப்ஐக்கு வேண்டிய துவக்கக் கோப்புகளையும் எழுதிவிடும். செத்துப்போன போர்டில் விண்டோஸுக்குள் நுழைய முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் 10 நிறுவும் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை வரும், அங்கேயே ஓட்டலாம். முதலில் சரிபார்க்க மட்டும் சொல்லி ஓட்டினோம். தோல்வி என்றது. பார்ட்டிஷன்களை எண்ணிப் பார்த்தால் நான்கு: விண்டோஸ் 7 போட்ட 100 எம்பி, சி, டி, கடைசியில் விண்டோஸ் 10 தன் பங்குக்குச் சேர்த்த 450 எம்பி மீட்புப் பார்ட்டிஷன். இந்தக் கருவி மூன்று முதன்மைப் பார்ட்டிஷன் வரைதான் ஏற்கும். படிமம் கையில் இருந்த தைரியத்தில் அந்த மீட்புப் பார்ட்டிஷனை நீக்கினோம். மறுபடி சரிபார்த்தபோது தேறிவிட்டது. மாற்றச் சொன்னதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால் பூட் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு வரி.

நம் ஊரில் ஒரு பழக்கம் இங்கே குறுக்கே வரும். ஒரே டிஸ்கை சி, டி, இ, எஃப் என்று கூறு போட்டுக் கொடுப்பார்கள். எம்பிஆரில் நான்குக்கு மேல் வேண்டுமென்றால் நீட்டிப்புப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி அதற்குள்தான் மற்றவற்றை வைக்க முடியும். அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கருவி கை விரித்துவிடும். கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பார்ட்டிஷன்களை நீக்கிய பிறகுதான் முயல வேண்டும்.

டிஸ்க் ஏற்கெனவே ஜிபிடியில் இருந்தால் இத்தனை பாடு கிடையாது. துவக்க நிரல் எங்கே என்ற குறிப்பு பழைய போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டிருந்தது. அது போர்டோடு போய்விட்டது. ஆனாலும் எந்தக் குறிப்பும் இல்லையென்றால் பார்ப்பதற்கு யூஇஎஃப்ஐக்கு ஒரு பொது முகவரி உண்டு, விண்டோஸ் அங்கேயும் ஒரு நகல் வைத்திருக்கும். பெரும்பாலும் அதுவே எழுப்பிவிடும். எழாவிட்டால் பிசிடிபூட் என்ற கட்டளை துவக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதிக் கொடுக்கும்.

இப்போது சாவிக்கு வருகிறேன். இங்கேதான் உண்மையான ஆபத்து. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயக்கப்பட்ட கணினியில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். பூட்டின் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் வைத்திருக்கும். அது போர்டில் தனிச் சிப்பாக இருக்கலாம், பிராசஸர் சார்ந்த ஃபர்ம்வேரிலும் (வன்பொருளிலேயே பதிந்த நிரலிலும்) இருக்கலாம். எதுவானாலும் பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் 'இது நான் அறிந்த அதே கணினிதானா' என்று அளந்து பார்த்துத்தான் சாவியைக் கொடுக்கும். போர்டை மாற்றினால் அந்தக் காவல்காரனே போய்விட்டான். விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடையாது. பழைய கணினியில் வைத்துத் திறக்கலாம் என்றால் பழைய போர்டுதான் செத்துவிட்டதே. நான் பிட்லாக்கரைப் போடவே இல்லையே என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். பல லேப்டாப்களில், ஹோம் பதிப்பிலும்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதல் முறை நுழைந்ததுமே 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் அது தானாக இயங்கிவிடும். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பின் புதிதாக நிறுவப்படும் இன்னும் பல கணினிகளில் அப்படி. மீட்பு எண் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். இணையத்தில் உள்ளே போய்ப் பார்க்கலாம். போர்டு உயிரோடு இருக்கும்போதே மாற்றுவதாக இருந்தால் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டு மாற்றுங்கள். அந்த எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாக வைத்துவிட்டு நிம்மதியாக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய பெட்டிச் சாவி!

'பின்' எண்ணும் இதே கதைதான். கணினிக்குள் நுழையத் தினமும் அடிக்கும் நாலு இலக்கம் டிபிஎம்மோடு கட்டப்பட்டது. புது போர்டில் செல்லாது. பாஸ்வேர்டு கேட்கும். மூன்று வருடமாக பின் எண்ணே அடித்துப் பழகியதில் என் பாஸ்வேர்டு எனக்கே மறந்துபோய், போர்டு மாற்றிய இரவு அரை மணி நேரம் திருதிருவென்று விழித்திருக்கிறேன். ஏஎம்டி கணினிகளில் இன்னொரு திரையும் வரக்கூடும்: புதிய பிராசஸர் தெரிகிறது, டிபிஎம்மை அழித்துப் புதிதாகத் தொடங்கட்டுமா, ஒய்யா (ஆம்), என்னா (வேண்டாம்) என்று. மீட்பு எண் கையில் இல்லாமல் ஒய்யை அழுத்தக் கூடாது.

அடுத்தது உரிமம். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் ஓஇஎம் வகை. அது அந்தப் போர்டுக்குக் கொடுத்த உரிமம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய நிறுவனங்களின் கணினிகளில் உரிம எண்ணான கீயே போர்டின் ஃபர்ம்வேரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பழுதான போர்டுக்குப் பதில் உற்பத்தியாளரே வாரண்டியில் அதே மாதிரிப் போர்டு போட்டால் உரிமம் தொடரும். நீங்களாக மேம்படுத்திப் போட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது புதுக் கணினி. கடையில் தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமம் என்றால் எடுத்துக்கொண்டு போகலாம். உங்களுடையது எது என்று தெரியவில்லையா? எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையை டிஎல்ஐ என்ற வாலோடு ஓட்டினால் ஒரு சின்னப் பெட்டியில் சொல்லிவிடும். 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைக்கலாம். போர்டு மாறிய பின் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், உரிமம் இடம்பெயரக்கூடியது என்றால், அங்கேயே மாற்றித் தரும். இணைப்பை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். போர்டு போன பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. உரிமம் செல்லாவிட்டாலும் விண்டோஸ் நின்றுவிடாது. திரையின் மூலையில் எழுத்து வரும், சுவர்ப்படம் மாற்ற விடாது, அவ்வளவுதான். அவசர வேலையை முடிக்க அது போதும்.

முதல் பூட்டில் பொறுமை வேண்டும். 'சாதனங்கள் தயாராகின்றன' என்று சதவீதம் ஏறும். ஓரிரு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். நண்பரின் திரை பெரிய பெரிய எழுத்தோடு எழுந்தது, நெட் இல்லை. புதிய லேன் சிப்புகளுக்கு விண்டோஸில் டிரைவர் இல்லாமல் போவது அடிக்கடி நடப்பது. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் விண்டோஸிலேயே இருக்கும் டிரைவரில் நெட் வந்துவிடும். மீதியை விண்டோஸ் அப்டேட் பார்த்துக்கொள்ளும். பிறகு போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் போடுங்கள். பழைய போர்டோடு வந்த விசிறி, விளக்கு, ஓவர்கிளாக் மென்பொருள்களை நீக்குங்கள். மாற்றிய பின் வரும் விநோத உறைதல்களுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றைத்தான். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழைய போர்டின் உறுப்புகள் சாம்பல் நிறத்தில் பேய்களாகத் தெரியும். அவற்றால் தொந்தரவு இல்லை. சுத்தக்காரர்கள் நீக்கிக்கொள்ளலாம்.

உயிரோடு இருக்கும் போர்டை மாற்றுபவர்களுக்கு ஒன்று: கடைசி முறை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். விண்டோஸ் 8இலிருந்து சாதாரண ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை. வேகமாக எழுவதற்காகக் கருவின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. பழைய போர்டின் நினைவோடு புது போர்டில் எழ வேண்டாம்.

லினக்ஸ்காரர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிக்கக்கூடும். டெபியன் வகைகளில் துவக்கப் படிமத்திலேயே பெரும்பாலான டிஸ்க் டிரைவர்கள் இருக்கும், பார்ட்டிஷன்களை யூயூஐடி என்ற தனி அடையாள எண் வைத்து அறியும், மாட்டினால் ஓடும். நெட்வொர்க் இடைமுகத்தின் பெயர் மட்டும் மாறி, கையால் எழுதிய அமைப்புகள் உடையலாம்.

ஃபார்மட்தான் சரி என்று நானே சொல்லும் நேரங்கள் உண்டு. வைரஸ் தின்ற கணினி, மாதக்கணக்கில் அப்டேட் ஆகாமல் பிழை காட்டிக்கொண்டிருந்த விண்டோஸ் என்றால் புது போர்டில் அந்த நோயைக் கொண்டுபோவானேன். விண்டோஸ் 7ஐப் புது போர்டில் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு வேறு வகைத் தோல்வி: யுஎஸ்பி 3 கன்ட்ரோலருக்கு அதில் டிரைவர் கிடையாது, அதனால் உள்நுழையும் திரை வரைக்கும் வந்துவிட்டு கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும்.

நண்பரின் பேஜ்மேக்கர் அன்று மாலையே திறந்தது, எழுத்துருக்கள் அப்படியே. டேலி மட்டும் உரிமத்துக்கு முரண்டு பிடித்தது. அது வன்பொருளைப் பார்த்து உரிமம் கொடுக்கும் மென்பொருள். போர்டு உயிரோடு இருந்திருந்தால் முதலிலேயே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து, அதாவது சரண்டர் செய்துவிட்டு வந்திருக்கலாம். மறுநாள் டீலரைக் கூப்பிட்டுச் சரிசெய்தார். விண்டோஸ் உரிமம் பழைய ஓஇஎம் என்பதால் வரவில்லை. மூலையில் அந்த மங்கலான எழுத்தோடு நான்கு பத்திரிகைகள் அச்சுக்குப் போன பிறகு புதிதாக ஒன்று வாங்கினார்.